சவுக்கடியின் சராசரி

வரலாற்றாய்வுக்குப் புள்ளிவிபரம் இன்றியமையாதது என்பதே நமது கட்சி. மன்னர் பட்டியலை மனனஞ்செய்யும் வரலாற்றில் பெயரற்ற மக்களுக்கு இடமில்லை; அவர்கள் தென்படுவது வரிக்கணக்கிலும் கப்பற் பதிவிலுமேயாம். ஆயினும், எண்ணிய தொகையை எதனால் வகுப்பது என்னும் கேள்வி கணிதத்தோடு முடிந்துவிடுவதன்று.

1974 இல் பொருளியலாளர்களான றொபேட் போகலும் ஸ்ரான்லி எங்கர்மனும் அமெரிக்க அடிமைமுறையைப் புள்ளிவிபரங்கொண்டு ஆராய்ந்து நூலொன்று வெளியிட்டனர். 19 ஆம் நூற்றாண்டில் லூயிசியானாவின் பருத்தித் தோட்டக்காரன் பெனற் பரோ, தன் அடிமைகளுக்கு அளித்த சவுக்கடித் தண்டனைகளைக் குறித்து வைத்திருந்தான். இரண்டாண்டில் 160 தண்டனைகள். ஆய்வாளர் இதனை உழைப்பாளர் தொகையால் வகுத்தனர்: ஆளுக்கு ஆண்டொன்றில் 0.7. ஒருமுறைகூட முழுதாக அடி விழவில்லைப் போலும்!

1975 இல் ஹேர்பேட் குட்மன் அதே 160 ஐ நாட்களோடு பொருத்திப் பார்த்தார். ஏறத்தாழ நாலரை நாளுக்கொருமுறை யாரோ ஒருவர் முதுகிற் சவுக்கு விழுந்திருக்கிறது. அடிமைமுறையை நிலைநிறுத்தியது அடிபட்டவனின் நோவு மட்டுமன்று. அதனைக் கண்டு நின்றவனின் அச்சமுமாகும். தலைக்கு இத்தனை என்று பங்கிட்டவுடன் அந்த அச்சம் கணக்கிலிருந்து நழுவிவிடுகிறது.

இதனாற் கணக்கையே கைவிடச் சொல்வோருடன் நாம் உடன்படோம். குட்மனும் எண்ணைக் கொண்டே மறுத்தார். அத்திலாந்திக் அடிமை வாணிபத்தின் சுமார் 36,000 கப்பற் பயணங்களின் விபரங்களைத் திரட்டியதாலன்றோ, ஏறத்தாழ 125 இலட்சம் ஆபிரிக்கர் கப்பலேற்றப்பட்டனர் என்றும், அவர்களுட் சுமார் 18 இலட்சம் பேர் கரை காணவில்லை என்றும் மதிப்பிட முடிந்தது! அம்மக்களுட் பெரும்பாலோர்க்குப் பதிவேட்டிற் பெயர் இல்லை. தொகை மட்டுமே உண்டு.