நீரிழிவும் முதுமை மறதிநோயும்

முதுமை மறதிநோய் என்பது நினைவாற்றல், சிந்தனை, அன்றாடச் செயற்பாடு ஆகியவை படிப்படியாகக் குன்றும் நிலையாகும். இரண்டாம் வகை நீரிழிவு நோய் உள்ள முதியோரிடம் இது கூடுதலாகக் காணப்படுகிறது. நெதர்லாந்தின் ராட்டர்டாம் நகரில் 6,370 முதியோரைத் தொடர்ந்து கவனித்து 1999இல் வெளியிடப்பட்ட ஆய்வு, நீரிழிவு இவ்வாய்ப்பை ஏறத்தாழ இரு மடங்காக்குவதாகக் கண்டது. மூளையின் நுண்ணிய குருதிக்குழாய்கள் பழுதடைவது ஒரு முக்கிய காரணமாகும்.

குருதியில் சர்க்கரை மிகுவதே தீங்கு எனப் பலரும் எண்ணுகின்றனர். அது அளவுக்கு மீறித் தாழ்வதும் தீங்கானதே. வடக்குக் கலிபோர்னியாவில் 16,667 நீரிழிவு நோயாளிகளிடம் நடத்தப்பட்டு 2009இல் வெளியான ஆய்வில், மருத்துவமனைக்குச் செல்ல நேரும் அளவுக்குக் கடுமையான தாழ்சர்க்கரை நிலை மூன்று முறையோ அதற்கு மேலோ ஏற்பட்டவர்களுக்கு மறதிநோய் வரும் வாய்ப்பு ஏறத்தாழ இரு மடங்காக இருந்தது.

இத்தொடர்பு இருவழிப்பட்டது. மறதியுள்ளவர் உண்ண மறந்துவிடலாம். மாத்திரையை இருமுறை விழுங்கிவிடலாம். வியர்வை, நடுக்கம் போன்ற அறிகுறிகளை எடுத்துச் சொல்ல இயலாமலும் போகலாம். தாழ்சர்க்கரையால் வரும் மனக்குழப்பத்தை வீட்டார் வயதின் தடுமாற்றம் என்று விட்டுவிடுவதும் உண்டு.

சர்க்கரையை மிகக் கடுமையாகக் கட்டுப்படுத்துவதால் அறிவாற்றல் காக்கப்படுவதில்லை என்பதை 2011இல் வெளியான அக்கார்டு-மைண்ட் ஆய்வு காட்டியது. ஆகவே அறிவாற்றல் குன்றிய முதியோருக்கு எச்பிஏ1சி அளவு 8 விழுக்காட்டுக்குள் இருந்தால் போதும் என அமெரிக்க நீரிழிவுச் சங்கம் தளர்வான இலக்கைப் பரிந்துரைக்கிறது.