புல்லட்டும் திருப்புளியும்

திருவண்ணாமலை அக்கினித் தலம். மலையைச் சுற்றி வரும் 14 கிலோமீட்டர் பாதையில் பௌர்ணமி இரவன்று மனிதர் நடக்கவே இடம் போதாது. மற்ற நாட்களில் அந்தப் பாதைக்கு வேறொரு வாத்தியம் உண்டு. 'டப்... டப்... டப்...' என்று நிதானமாக ஒரு சத்தம் வரும். டீக்கடைப் பெஞ்சில் இருப்பவர் திரும்பிப் பார்க்காமலே, "புல்லட் வருது" என்பார். காவி வேட்டி கட்டிய வெள்ளைக்காரர் ஒருவர் அதில் போவார். சற்றுப் பின்னால் அதே ஜாதி வண்டியில் உள்ளூர் விவசாயி ஒருவர் உர மூட்டையுடன் வருவார். சீமையிலிருந்து வந்தவர் சீமைப் பெயர் கொண்ட வண்டியில் போகிறார். ஆனால் வண்டியோ நம் திருவொற்றியூர்ச் சரக்கு! இந்த வேடிக்கைக்குப் பின்னால் ஒரு சரித்திரம் இருக்கிறது.

இங்கிலாந்தில் ரெட்டிச் என்ற ஊரில் இருந்த ராயல் என்ஃபீல்டு கம்பெனி 1901-இல் தன் முதல் மோட்டார் சைக்கிளைச் செய்தது. அதற்கு முன் என்ஃபீல்டில் இருந்த அரசாங்கத் துப்பாக்கித் தொழிற்சாலைக்குச் சிறு பாகங்கள் செய்து கொடுத்து வந்தது. பெயர் வந்தது அப்படித்தான். 1932-இல் ஒரு வண்டிக்குப் 'புல்லட்' என்று பெயர் வைத்தார்கள். துப்பாக்கி உறவு விட்டுப் போகவில்லை பாருங்கள்!

சுதந்திரத்துக்குப் பின் நம் ராணுவத்துக்கு எல்லைக் காவலுக்கு உறுதியான வண்டி தேவைப்பட்டது. புல்லட் பொருத்தமாக இருந்தது. 1955-இல் ரெட்டிச் கம்பெனியும் மெட்ராஸ் மோட்டார்ஸும் கூட்டுச் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியாவைத் தொடங்கின. முதலில் பாகங்கள் கப்பலில் வந்தன, திருவொற்றியூரில் பூட்டினார்கள். பிறகு ஒவ்வொரு பாகமாக இங்கேயே செய்யக் கற்றுக்கொண்டார்கள். 1970-இல் தாய்க் கம்பெனி இங்கிலாந்தில் மூடப்பட்டது. பிள்ளை மட்டும் சென்னையில் பிழைத்திருந்தது. 1977-இல் அந்தப் பிள்ளையே இங்கிலாந்துக்குக் கப்பலேறியது. மாமியார் வீட்டுச் சீர் வரிசை திரும்பிப் போன கதைதான்!

சரித்திரப் புத்தகங்கள் இத்தோடு நிறுத்திக்கொள்ளும். நான் சொல்ல வந்தது இனிமேல்தான். ஒரு வண்டியைத் தொழிற்சாலை பிறப்பிக்கலாம். ஐம்பது வருஷம் உயிரோடு வைத்திருப்பது தொழிற்சாலை அல்ல. வீட்டு முற்றமும், வேப்ப மரத்தடிக் கடையும், ஒரு திருப்புளியும்தான்.

பழைய புல்லட்டின் உடம்பில் அடிக்கடி நோவு காண்கிற இடங்கள் இரண்டு. ஒன்று மின்சாரம், மற்றது கார்புரேட்டர்.

மின்சாரத்தின் இருதயம் 'பாயிண்ட்' என்ற இரண்டு சின்ன உலோகப் பொட்டுகள். அவை சேர்ந்திருக்கும்போது காயிலில் மின்சாரம் ஓடுகிறது; பிரியும் கணத்தில் காயில் ஆயிரக்கணக்கான வோல்ட்டை வீசுகிறது; பிளக்கில் பொறி பறக்கிறது. அந்தப் பிரிவின் அகலம் அரை மில்லிமீட்டர்கூடக் கிடையாது. பொட்டு கருகினால் வண்டி முரண்டு பிடிக்கும். மெல்லிய உப்புத்தாளால் துடைத்து, இடைவெளியைச் சரி செய்தால் பழையபடி ஓடும். பாயிண்ட் எந்தக் கணத்தில் பிரிகிறது என்று பார்க்க நம் மெக்கானிக்குகள் நடுவே ஒரு சிகரெட் தாளைச் செருகி மெல்ல இழுப்பார்கள். தாள் நழுவுகிற கணம்தான் பிரிகிற கணம். இதற்கு எந்தக் கல்லூரியிலும் பட்டம் கொடுப்பதில்லை.

விளக்குக்கு மேலே ஆம்மீட்டர் என்று ஒரு சிறு வட்டம். புதிதாகப் பார்ப்பவர் அதை அலங்காரம் என்று நினைப்பார். சாவியைத் திருப்பிக் கிக்கரை மெதுவாக அமுக்கினால் முள் ஆடும். பாயிண்ட் பிரிந்ததும் நடுவில் வந்து நிற்கும். அப்போது டிகம்ப்ரஷரைப் பிடித்துக் கிக்கரை இன்னும் சற்று நகர்த்தி, பிறகு ஓங்கி ஒரே உதை! முறை தெரியாமல் உதைப்பவரை வண்டி திருப்பி உதைக்கும். மரியாதை தெரிந்தவருக்கே மரியாதை.

ஒயர் விஷயம் இன்னும் எளிது. ஹாண்டில் திரும்புகிற கழுத்தில் ஒயர்கள் வளைந்து வளைந்து உறை கிழியும். எர்த் இணைப்பில் துரு ஏறும். பின் விளக்கு பல்பு ஒன்றில் இரண்டு துண்டு ஒயரைக் கட்டிக்கொண்டால் போதும். மின்சாரம் எதுவரை வந்தது, எங்கே நின்றது என்று அந்தப் பல்பே துப்பறிந்து சொல்லிவிடும்.

கார்புரேட்டரின் வேலை சமையற்காரர் வேலை. எடையில் ஒரு பங்கு பெட்ரோலுக்குச் சுமார் 15 பங்கு காற்று என்று கலந்து பரிமாற வேண்டும். பதம் சரியா என்பதைப் பிளக்கைக் கழற்றிப் பார்த்தால் தெரியும். கரி படிந்திருந்தால் பெட்ரோல் அதிகம். வெளுத்திருந்தால் காற்று அதிகம். காப்பிப்பொடி நிறமாக இருந்தால் பதம் சரி. உள்ளே இருக்கும் 'ஜெட்'டின் துவாரத்தில் ஒரு தூசி போதும், வண்டி நடுரோட்டில் நிற்க. ஒரு மெக்கானிக் அதைக் கழற்றி வாயால் ஊதிக்கொண்டிருந்தார்.

"ஏனப்பா, கம்பியை விட்டுக் குத்தினால் சீக்கிரம் ஆகாதா?" என்றேன்.

"குத்தினா ஓட்டை பெரிசாயிடும் சார். அப்புறம் வண்டி குடிகாரன் மாதிரி குடிக்கும்" என்றார் அவர்.

இதையெல்லாம் சொல்லிப் பழம்பெருமை பேசுவது சுலபம். அது முழு உண்மை ஆகாது. அந்த நாளில் உற்பத்திக்கு லைசென்ஸ், இறக்குமதிக்குத் தடை. வேறு வண்டி கிடைக்காததால் இருந்த வண்டியைப் பழுது பார்த்தோம். 1980-களில் ஜப்பானியக் கூட்டில் சிறிய வண்டிகள் வந்ததும், சொட்டு எண்ணெய் ஒழுகாமல், கை அழுக்காகாமல் ஆபீசுக்குப் போக ஜனங்கள் ஓடியே போனார்கள். அவர்கள்மேல் குற்றமில்லை. கார்புரேட்டர் விடை பெற்றதற்கும் நியாயமான காரணம் உண்டு. 2020 ஏப்ரலில் பி.எஸ். 6 புகை விதி வந்தது. புல்லட்டும் கம்ப்யூட்டர் அளந்து தெளிக்கும் பெட்ரோலுக்கு மாறியது. நம் குழந்தைகளின் நுரையீரலைவிட ஒரு ஜெட் பெரிதல்ல.

ஆனால் புகையோடு இன்னொன்றும் சேர்ந்து போகிறதே, அதுதான் என் கவலை. பாயிண்ட் கெட்டால் கண்ணால் பார்க்கலாம். கம்ப்யூட்டர் பெட்டி கெட்டால் அதைக் கேட்க இன்னொரு கம்ப்யூட்டர் வேண்டும். மரத்தடி மெக்கானிக்கிடம் அது இல்லை. வண்டிக்குப் பணம் கொடுத்தவரும் அதன் உள்ளத்தை அறியாத அந்நியராகிவிடுகிறார். 2022-இல் மத்திய அரசு 'பழுது பார்க்கும் உரிமை' பற்றி ஆராய ஒரு குழு அமைத்தது; மோட்டார் வாகனங்களும் அதன் பட்டியலில் இருந்தன. நமக்குப் புதிதாகக் கேட்கிறது, இல்லையா? திருப்புளியும் பல்பும் கையில் இருந்தவரை அதை உரிமை என்று யாரும் சொல்லவில்லை. மூச்சு விடுவதை யாராவது உரிமை என்று எண்ணிக்கொண்டிருப்பார்களா?

சுத்தமான புகையும் வேண்டும். திறந்து பார்க்கக்கூடிய வண்டியும் வேண்டும். இரண்டையும் சேர்த்துக் கேட்பது பேராசை அல்ல. சாவி நம் கையில், பூட்டு மட்டும் வேறொருவர் கையில் என்றால், அதைச் சொத்து என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.