நிலாவும் வெலோனியும்

“யாரோட ஓடிப்போச்சாம்?”

கிள்ளானில் சின்னம்மா வீட்டுக் கூடத்தில் ‘சுழல்’ தொடரைப் போட்டு அரை மணி நேரம்கூட ஆகவில்லை. பள்ளிக்கூடம் போகும் நிலாவைக் காணவில்லை என்று திரையில் தேடத் தொடங்கியதும் சின்னம்மா கேட்ட முதல் கேள்வி அது. பிறகொரு நாள் அதே சோபாவில் உட்கார்ந்து ‘வதந்தி’ பார்த்தோம். அதில் பெண் செத்தே கிடக்கிறாள். அப்போதும் சின்னம்மா, “எவனோட பழக்கமாம்?” என்றார். குற்றம் சொல்வதற்காக இதை எழுதவில்லை. எனக்கும் மனதுக்குள் அதே கேள்விதான் ஓடியது.

இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கத் தோன்றியதே அதனால்தான். இரண்டுமே 2022-இல் பிரைம் வீடியோவில் வந்தவை; ‘சுழல்’ ஜூனில், ‘வதந்தி’ டிசம்பரில். ஒவ்வொன்றும் எட்டு அத்தியாயம். ‘சுழல்’ புஷ்கர், காயத்ரி எழுதியது. ஆண்ட்ரூ லூயிஸின் ‘வதந்தி’யைத் தயாரித்ததும் அவர்களே. ஒரே வீட்டுச் சமையல் என்றாலும் ருசி வேறு.

‘வதந்தி’யின் கரு கூர்மையானது. கன்னியாகுமரிப் பக்கம் கிடைத்த உடல் ஒரு நடிகையுடையது என்று ஊரெல்லாம் செய்தி பரவுகிறது. பார்த்தால் அது வெலோனி என்ற ஆங்கிலோ இந்தியப் பெண். அதற்குப் பின் ஆளாளுக்கு ஒரு வெலோனியைச் சொல்கிறார்கள். திமிர் பிடித்தவள், ஆண்களை ஆட்டிவைத்தவள், பாவப்பட்டவள். சொல்கிறவன் மாறினால் அவளும் மாறிவிடுகிறாள். செத்தவளுக்கு மறுத்துப் பேச வாய் இல்லை. பெண்மேல் செலுத்தப்படும் அதிகாரத்தில் இதுவும் ஒன்று என்று தமிழ்த் தொடர் ஒன்று இவ்வளவு அழுத்தமாகச் சொல்லி நான் பார்த்ததில்லை.

ஆனால் கேமரா யார் பக்கம் நிற்கிறது? வதந்தி பொய் என்கிறது கதை. அந்தப் பொய்யைக் காட்டும் காட்சிகளிலோ கேமரா வெலோனியின் உடல்மேல் கண்ணை ஓட்டி, நிறுத்தி, ரசித்துக்கொண்டிருக்கிறது. வம்பைக் கண்டிக்கிறவர் முழு வம்பையும் ஒரு வரி விடாமல் சொல்லிவிட்டு, “இதெல்லாம் பேசக்கூடாதும்மா” என்று முடிப்பார் இல்லையா, அந்தச் சாமர்த்தியம்தான் இது. இன்னொன்றும் உண்டு. வழக்கை விசாரிக்கும் விவேக்காக எஸ்.ஜே. சூர்யா உருகித் தள்ளுகிறார். மனைவி வீட்டில் காத்திருக்க, அவன் மனதை அள்ளிக்கொண்டு போகிறது வெலோனி வழக்கு. கடைசியில் இது அவன் கதையாகிவிடுகிறது. ஓர் ஆணின் மனதைக் கலக்கிப் புடம்போட ஒரு பெண் சாகவேண்டியிருக்கிறது. அமெரிக்காவில் 1990-இல் ‘ட்வின் பீக்ஸ்’ லாரா பாமரில் தொடங்கி எத்தனையோ தொடர்கள் தேய்த்த தடம்.

‘சுழல்’ வேறு வழி போகிறது. இனி சொல்வது கதையின் முடிச்சு, பார்க்காதவர்கள் மன்னிக்கவும். மயானக் கொள்ளைத் திருவிழா, தீப்பிடித்த சிமெண்ட் ஆலை, தொழிற்சங்கம் என்று ஊர் முழுக்கச் சந்தேகத்தைச் சுற்றவிட்டு, கடைசியில் அது வந்து நிற்பது வீட்டு வாசலுக்குள். குற்றவாளி, நிலாவின் தகப்பனோடு உடன்பிறந்தவன். நிலாவுக்கு நேர்ந்த பாலியல் கொடுமை பல வருடம் முன்பே அக்கா நந்தினிக்கும் நேர்ந்திருக்கிறது. நந்தினி சொல்லவில்லை, வீடும் கேட்கவில்லை. நந்தினியாக ஐஸ்வர்யா ராஜேஷ் அதைச் சொல்லும் இடத்தில் கதறல் கிடையாது. எப்போதோ நடந்ததை இப்போதுதான் வார்த்தையில் பார்க்கிற முகம்.

சின்னம்மா ரிமோட்டை எடுத்துச் சத்தத்தைக் குறைத்தார். பக்கத்து அறையில் பேத்தி படித்துக்கொண்டிருந்தாள். கொஞ்ச நேரம் கழித்து, “ஏன் இந்தப் புள்ள போலீஸ் பலாய்க்குப் போயி ரிப்போட் போடல?” என்றார்.

அந்தக் கேள்விக்கு நம் மலேசியாவில் ஒரு சட்டமே இருக்கிறது. 2017-ஆம் ஆண்டின் சிறார் பாலியல் குற்றச் சட்டம். கோலாலம்பூரில் ஏழைப் பிள்ளைகளைப் பல ஆண்டுகள் சீரழித்த ரிச்சர்ட் ஹக்கள் என்ற பிரிட்டிஷ்காரனுக்கு 2016-இல் லண்டனில் ஆயுள் தண்டனை கிடைத்தபோது, நமக்குத் தெரியாமலேயே நடந்ததா என்று நாடே அதிர்ந்தது; மறு ஆண்டு சட்டம் வந்தது. உறவினர், ஆசிரியர் போல நம்பிக்கைக்குரிய இடத்தில் இருப்பவர் செய்தால், குற்றத்துக்கான தண்டனைக்கு மேல் ஐந்தாண்டு வரை சிறையும் இரண்டுக்குக் குறையாத பிரம்படியும் உண்டு. தெரிந்தும் போலீசில் சொல்லாமல் இருப்பதே குற்றம். 5,000 ரிங்கிட் வரை அபராதம். பிள்ளையின் சாட்சியம் மட்டுமே இருந்தாலும் நீதிமன்றம் தண்டிக்கலாம். அதாவது நந்தினி வீட்டின் மௌனத்துக்கே இங்கே ஒரு பிரிவு எழுதி வைத்திருக்கிறார்கள்.

‘சுழல்’ இந்த வழியைப் பற்றி யோசிப்பதே இல்லை. நந்தினி தானே அவனைக் கொன்றுவிட்டுச் சிறைக்குப் போகிறாள். பார்க்கும்போது நானும் கைதட்டினேன். வெளியே வந்து யோசித்தால் உறுத்துகிறது. கெடுத்தவன் ஒரு நொடியில் போய்விட்டான், வருடக்கணக்கில் உள்ளே இருக்கப்போவது அவள். இத்தனைக்கும் காவல் நிலையத்தில் இருப்பது ரெஜினா என்ற பெண் இன்ஸ்பெக்டர். சீருடை போட்ட பெண்ணிடமும் போய்ச் சொல்ல முடியவில்லை என்பதைத் தொடர் காட்டுகிறது. ஏன் முடியவில்லை என்று நின்று கேட்கவில்லை. ரெஜினாவாக வரும் ஸ்ரேயா ரெட்டிக்குக் கொடுத்த கம்பீரத்தில் பாதியை அந்தக் கேள்விக்குக் கொடுத்திருக்கலாம்.

இருந்தும் எனக்கு ‘சுழல்’தான் நேர்மையானதாகப் படுகிறது. யார் செய்தார்கள் என்பதில் அது பொய் சொல்லவில்லை. நந்தினிக்கு நேர்ந்ததைச் சொல்ல நந்தினிக்கே வாய் கொடுக்கிறது. 2025-இல் வந்த இரண்டாம் பாகத்தில் வக்கீல் செல்லப்பா கொலையில் ஆளுக்கொரு காவல் நிலையத்தில் போய், “நான்தான் கொன்றேன்” என்று சரணடைகிறார்கள் பல பெண்கள். வெலோனியைப் பற்றி ஊரே பேசியது. இங்கே பெண்கள் தாங்களே பேசி, ஊரை வாயடைக்க வைக்கிறார்கள். வாக்குமூலம் முழுக்க உண்மையா என்பது வேறு விஷயம்.

சென்ற வாரம் பிரிக்பீல்ட்ஸில் வாழையிலைச் சாப்பாடு. பக்கத்து மேசையில் இரண்டு பேர் ஒரு போனைச் சாய்த்துப் பிடித்து, எங்கோ காணாமல் போன பெண்ணின் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வாட்ஸ்அப்பில் யாரோ அனுப்பியதாம். ஒருவர் விரலால் படத்தைப் பெரிதாக்கினார்.

“ஆளு நல்லாத்தான் இருக்கு. யாரோட போச்சாம்?”