முழுகாமல் இருந்த மூன்று மாதம்

எங்கள் ஆம்பூர் பக்கம் கல்யாணமான பெண்ணுக்கு நாள் தள்ளிப்போனால் "முழுகாமல் இருக்கிறாள்" என்பார்கள். அதற்கு ஒரே அர்த்தம்தான், கர்ப்பம். வேறு காரணம் இருக்கலாம் என்பதற்கு எங்கள் பேச்சில் வார்த்தையே கிடையாது.

1971-ல் என் அக்காவுக்கு மூன்று மாதம் நாள் தள்ளியது. தெருவே சந்தோஷப்பட்டது. அம்மா மாங்காயும் புளிப்பும் தேடித் தேடிக் கொண்டுபோய்க் கொடுத்தாள். நான்காம் மாதம் உதிரம் கண்டதும் "கலைந்துவிட்டது" என்றார்கள். மறு வருடமும் அதே கதை. அப்புறம் எள்ளுருண்டை, வேப்பங்கொழுந்து, கோயில் கோயிலாக வேண்டுதல். ஆறாம் வருடம் மாமா வேறு கல்யாணம் செய்துகொண்டார். அக்கா பெட்டியோடு எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டாள். கலைவதற்கு அங்கே ஒன்றுமே இருந்திருக்காது என்று எனக்குப் புரிய முப்பது வருடம் ஆயிற்று.

1935-ல், அக்கா பிறப்பதற்கு வெகுகாலம் முன்பே, சிகாகோவில் ஸ்டைன், லெவந்தால் என்ற இரண்டு டாக்டர்கள் ஏழு பெண்களைப் பற்றி எழுதினார்கள். மாதவிலக்கு சரியாக வராது, சிலருக்கு முகத்தில் முடி, சினைப்பை பெருத்து அதில் சின்னச் சின்னப் பைகள். சினைப்பையில் ஒரு துண்டை வெட்டி எடுத்தார்கள். ஏழு பேருக்கும் மாதவிலக்கு திரும்ப வந்தது, இரண்டு பேர் கர்ப்பமானார்கள். 1961-ல் குளோமிஃபீன் மாத்திரை பற்றிய செய்தி வந்தது. அதற்குப் பிறகு பல பெண்களுக்குக் கத்தியே தேவைப்படவில்லை.

இதெல்லாம் எங்கோ சீமையில் நடந்தது என்று சொல்லித் தப்பிக்கவும் எனக்கு வழியில்லை. ரயிலேறினால் ஒரு மணி நேரத்தில் காட்பாடி, அடுத்து வேலூர். அங்கே சி.எம்.சி. ஆஸ்பத்திரியை உண்டாக்கிய ஐடா ஸ்கடர் 1870-ல் பிறந்தது நம்ம ராணிப்பேட்டையில். திண்டிவனத்தில் ஒரே இரவில் மூன்று வீட்டு ஆண்கள் தங்கள் மனைவிமாரின் பிரசவத்துக்கு அவரைக் கூப்பிட வந்தார்கள். அவர் டாக்டர் இல்லை. டாக்டரான அவருடைய அப்பாவை, ஆண் என்பதால் அவர்கள் வேண்டாம் என்றுவிட்டார்கள். மூன்று பெண்களும் இறந்துபோனார்கள். அதன்பிறகுதான் அமெரிக்கா போய்ப் படித்துத் திரும்பினார். 1902-ல் பெண்களுக்காக நாற்பது படுக்கையோடு ஓர் ஆஸ்பத்திரி, 1918-ல் பெண்களுக்கு மருத்துவப் பள்ளி. பெண்ணைப் பெண்ணே பார்க்கலாம் என்ற வசதி எங்கள் மாவட்டத்துக்கு இவ்வளவு சீக்கிரம் வந்திருந்தது.

நான் தோல் ஷாப்பில் டைம் ஆபீஸ் வேலையில் இருந்தவன். மெஷினில் கை அடிபட்டவர்களை அந்த ஆஸ்பத்திரிக்கு எத்தனையோ தடவை கூட்டிப்போயிருக்கிறேன். ஒரு தடவைகூட அக்காவைக் கூட்டிப்போகவில்லை. போனால் மலடி என்று ஒத்துக்கொண்ட மாதிரி ஆகிவிடும் என்றாள் அம்மா. தம்பி, ஆம்பிளை, நான் எப்படி வாய் திறப்பது என்று நானும் இருந்துவிட்டேன்.

போன வருடம் தங்கையின் பேத்திக்கு ஐந்து மாதம் மாதவிலக்கு வரவில்லை. ஷூ கம்பெனியில் தையல் பிரிவில் இருக்கிறாள், இன்னும் கல்யாணம் ஆகவில்லை. அவளே டாக்டரிடம் போய்விட்டு வந்து, எங்கள் எல்லாருக்கும் பாடம் நடத்தினாள். நீர்க்கட்டி என்று பேர்தானாம், நிஜத்தில் கட்டியே இல்லை. மாதாமாதம் முதிர வேண்டிய முட்டை பாதியில் நின்றுவிடுகிறது. ஆண் ஹார்மோன் கூடுவதும் இன்சுலின் சரியாக வேலை செய்யாததும் இதில் சேர்ந்திருக்கின்றன. அதனால்தான் சர்க்கரையும் பார்க்கச் சொன்னார்களாம். 2003-ல் ராட்டர்டாமில் கூடிய டாக்டர்கள் ஒரு கணக்கு வைத்தார்கள்: மாதவிலக்குக் கோளாறு, ஆண் ஹார்மோன் அதிகம், ஸ்கேனில் தெரியும் பைகள், இந்த மூன்றில் இரண்டு இருந்தால் போதும். ஆனால் தைராய்டு மாதிரி வேறு காரணம் இல்லையென்று முதலில் பார்த்துக்கொள்ள வேண்டும். மூன்று மாதத்துக்கு மேல் வராவிட்டால் சும்மா விடக்கூடாதாம். கர்ப்பப்பையின் உள்சவ்வு தடித்துக்கொண்டே போனால் பிற்காலத்தில் புற்றுநோய்வரை போகலாம். அதற்குத்தான் மாதவிலக்கை வரவழைக்கும் மாத்திரை.

கல்யாணமாகாத பெண் இதை என் எதிரிலேயே சொன்னது எனக்குக் கூச்சமாகத்தான் இருந்தது. எழுந்து போகாமல் உட்கார்ந்திருந்தேன்.

அக்காவுக்கு இப்போது எழுபத்து நான்கு வயது, இருபது வருடமாகச் சர்க்கரை. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அந்த ஸ்கேன் தாளை வாங்கி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள். ஓரமாக வரிசைகட்டி நின்ற கறுப்புப் புள்ளிகளை விரலால் ஒவ்வொன்றாகத் தொட்டாள்.

"இவ்ளோ சின்னதா தம்பி?" என்றாள்.