வெடித்த ராக்கெட்டுகளை எப்படி எண்ணுவது?

பதிவு கொஞ்சம் நீளம். நேரம் இருக்கும்போது படியுங்கள்.

ஸ்பேஸ்எக்ஸ் நிறுவனத்தின் ஸ்டார்ஷிப் ராக்கெட் பறக்கும்போதெல்லாம் இரண்டு கட்சி கிளம்பிவிடுகிறது. "வெடித்தாலும் அது பாடம்தான், முன்னேற்றம்தான்" என்கிறது ஒன்று. "அறுபதுகளிலேயே நிலவுக்குப் போய்விட்டார்கள், இவர்கள் இன்னும் பட்டாசு கொளுத்துகிறார்கள்" என்கிறது இன்னொன்று.

இரண்டாவது கட்சிக்கு ஒரு பழைய கதை சொல்ல வேண்டும். அறுபதுகளில் நிலவுக்குப் பெரிய ராக்கெட் கட்டியவர்கள் இரண்டு பேர். ஒருவரைத்தான் நாம் நினைவில் வைத்திருக்கிறோம்.

அமெரிக்காவின் சாட்டர்ன் 5 மொத்தம் 13 முறை கிளம்பியது. ஒன்றுகூட வானத்தில் வெடிக்கவில்லை. வெடித்ததெல்லாம் தரையில். அதன் எஃப்-1 எஞ்சினுக்குள் எரிதல் சீராக நிற்காமல் அதிர்ந்து, சோதனை மேடையிலேயே எஞ்சின்கள் சிதறின. எரியும் எஞ்சினுக்குள் வேண்டுமென்றே சின்ன வெடிகுண்டு வைத்து, அதிர்வு தானாக அடங்குகிறதா என்று பார்த்துப் பார்த்துச் சரிசெய்தார்கள். பிறகு ஐந்து எஞ்சின்களும் பூட்டிய முதல் அடுக்கு முழுவதையும் மிசிசிப்பியில் கட்டிவைத்து எரித்தார்கள். அதற்கு எக்கச்சக்கமாகப் பணம் செலவானது.

சோவியத்தின் என்-1 ராக்கெட்டுக்கு முதல் அடுக்கில் 30 எஞ்சின்கள். அந்த அடுக்கை முழுதாக எரித்துப் பார்க்க மேடை கட்டவில்லை. அதற்குப் பணமும் இல்லை, நேரமும் இல்லை. எஞ்சினின் சில வால்வுகள் ஒரே முறை திறக்கக்கூடியவை. ஆகவே ஒரு தொகுதியில் சில எஞ்சின்களை எரித்துப் பார்த்துவிட்டு, எரிக்காத மற்றவற்றை ராக்கெட்டில் பூட்டினார்கள். திட்டத்தின் உயிராக இருந்த கொரோலியோவ் 1966 ஜனவரியில் இறந்துவிட்டார். பொறுப்பு மிஷினிடம் வந்தது.

1969 பிப்ரவரியில் முதல் முயற்சி, வாலில் தீ. அதே ஆண்டு ஜூலை 3, ஆம்ஸ்ட்ராங் நிலவில் இறங்க 17 நாள் முன்பு, இரண்டாவது ராக்கெட் ஏவுமேடை மேலேயே விழுந்து அதை அழித்தது. 1971இல் மூன்றாவது தன்னைத்தானே சுற்றிக்கொண்டு போனது. 1972 நவம்பரில் நான்காவது 107 விநாடி பறந்தது. முதல் அடுக்கு வேலையை முடிக்கச் சில விநாடிகளே பாக்கி இருந்தபோது போயிற்று.

நான்குக்கு நான்கு தோல்வி. ஆனால் ஏறுமுகம் தெரிகிறதல்லவா? பலமுறை எரித்துச் சோதிக்கக்கூடிய புதிய எஞ்சின்களோடு அடுத்த ராக்கெட் தயாராகிக்கொண்டிருந்தது. 1974இல் மிஷின் இடத்துக்கு வந்த குளுஷ்கோ திட்டத்தையே நிறுத்திவிட்டார். ராக்கெட்டின் துண்டுகள் பைகோனூரில் கூரைகளாயின. நிலவுப் போட்டியில் தாங்கள் இருந்ததையே எண்பதுகளின் இறுதி வரை அரசு ஒப்புக்கொள்ளவில்லை.

இப்போது ஸ்டார்ஷிப். கீழே 33 எஞ்சின்கள். 2023 ஏப்ரலில் முதல் பயணம், ஏவுமேடையின் கான்கிரீட்டைப் பெயர்த்தெறிந்து, அடுக்குகள் பிரியாமலேயே முடிந்தது. நவம்பரில் 33 எஞ்சின்களும் எரிந்தன, அடுக்குகள் பிரிந்தன. 2024 ஜூனில் மேல் கலம் இறக்கை கருகியும் இந்தியப் பெருங்கடலில் மெதுவாக இறங்கியது. அக்டோபரில் கீழடுக்கைக் கோபுரத்தின் கைகள் அந்தரத்தில் பிடித்தன. என்னைக் கேட்டால், இது வரை முதல் கட்சி சொல்வதே சரி. ஒவ்வொரு முறையும் போன தடவை நின்ற இடத்தைத் தாண்டித்தான் சிக்கல் வந்தது.

2025இல் கதை மாறியது. ஜனவரியிலும் மார்ச்சிலும் மேல் கலம் ஏறும்போதே, கிட்டத்தட்ட ஒரே கட்டத்தில், எட்டு நிமிட வாக்கில் அழிந்தது. காரணங்கள் வேறு வேறு என்றது நிறுவனம். இருக்கலாம். ஆனால் ஜனவரியில் துண்டுகள் டர்க்ஸ் அண்ட் கைகோஸ் தீவுகளில் விழுந்தன, பயணிகள் விமானங்கள் வழிமாறிப் போயின. "பாடம் படிக்கிறோம்" என்று சொல்கிறவர் அந்தப் பாடத்துக்கு அடுத்தவர் தலைக்கு மேலுள்ள வானத்தைப் பயன்படுத்தும்போது, கேள்வி கேட்க அவர்களுக்கும் உரிமை உண்டு. மே மாதம் கலம் கட்டுப்பாடிழந்தது. ஜூனில் இன்னொரு கலம் தரைச் சோதனையிலேயே வெடித்தது. ஆகஸ்டிலும் அக்டோபரிலும்தான் மறுபடி கடைசி வரை பறந்தார்கள்.

இன்னொன்றையும் இரண்டு கட்சியும் விட்டுவிடுகிறது. என்-1 மேலே போனால் போதும். இது திரும்பி வந்து, மறுபடியும் பறக்க வேண்டும். திரும்பி வருவது மட்டும் போதாது. 1981இல் பறக்கத் தொடங்கிய ஷட்டிலும் திரும்பி வந்ததுதான். ஆனால் ஓடுகளையும் எஞ்சின்களையும் பார்த்து அடுத்த பயணத்துக்குத் தயாராக்க மாதக்கணக்கில் ஆனது. ஸ்டார்ஷிப்பின் கீழடுக்கு 2025 மே மாதம் முதல்முறையாக இரண்டாம் தடவை பறந்தது. அந்த ஆண்டு முடிய, மேல் கலம் ஒன்றுகூட இரண்டாம் முறை பறக்கவில்லை. நிலவுக்குப் போக வேண்டுமானால் விண்வெளியிலேயே ஒரு கலத்திலிருந்து இன்னொன்றுக்கு எரிபொருள் மாற்ற வேண்டும். அந்த ஆண்டு வரை அதுவும் நடக்கவில்லை. அடுத்த முறை யாராவது வெடிப்பு வீடியோ அனுப்பினால், நான் விசாரிக்கப்போவது இந்த இரண்டையும்தான்.

எஞ்சின் துறையில் வேலை பார்க்கும் பிள்ளைகள் சிலர் இதைப் படிப்பீர்கள். 30, 33 என்று இத்தனை எஞ்சின்களைச் சேர்த்துப் பூட்டுவதில் உள்ள சிரமத்தைக் கீழே எளிய தமிழில் எழுதுங்கள்.