வீடு பார்க்குறீங்களா? நல்ல தண்ணிக்கு அடுத்து பள்ளி டேட்டாவையும் பாருங்க!

கரிசக்காட்டுப் பக்கம் வீடு பார்க்கப் போறவங்க கேட்கிற முதல் கேள்வி, "நல்ல தண்ணி வருதா, உப்புத் தண்ணியா?" அப்புறம் வாடகை, அட்வான்ஸ், கரன்ட் பில்லுக்குத் தனி மீட்டரா, பைக் நிறுத்த இடம் இருக்கா... இப்படி லிஸ்ட் நீளும். பிள்ளை எந்தப் பள்ளிக்கூடம் போகப்போகுதுங்கிறது பெரும்பாலும் கடைசியில்தான் வரும். அதுக்கும் "பக்கத்துல நல்ல ஸ்கூல் இருக்கு"ன்னு புரோக்கர் சொல்ற ஒரு வரிதான் பதில்.

அந்த "நல்ல ஸ்கூல்" உண்மையிலேயே எப்படிப்பட்டதுன்னு அட்வான்ஸ் கொடுக்கிறதுக்கு முன்னாடியே உங்க போன்ல பார்த்துடலாம். காசு செலவில்லை. எந்த எண்ணை எப்படிப் படிக்கணும்னு தெரிஞ்சா போதும்.

புதியம்புத்தூரையே எடுத்துக்குவோம். ஒட்டப்பிடாரம் ஒன்றியத்தில் இருக்கிற ஊர். ரெடிமேட் துணிக்குப் பேர்போன ஊருங்கிறதால 'குட்டி திருப்பூர்'னு பட்டப்பேரே உண்டு. தையல் வேலைக்காகக் குடும்பத்தோட இங்கே வர்றவங்களும் இருக்காங்க, இங்கிருந்து திருப்பூருக்குக் கிளம்புறவங்களும் இருக்காங்க. தூத்துக்குடி சில்லாநத்தம் சிப்காட்டில் 2025 ஆகஸ்ட் 4-ம் தேதி வின்ஃபாஸ்ட் மின்சார கார் தொழிற்சாலையும் திறந்தாச்சு. புதியம்புத்தூரா, ஒட்டப்பிடாரமா, தூத்துக்குடி டவுனா, இல்லை கோவில்பட்டியிலேயே இருந்துட்டு பஸ்ல போய் வரலாமா? இந்தக் கணக்கைப் போட்டுக்கிட்டு இருக்கிற இளம் தம்பதிகளுக்குத்தான் இந்தக் கட்டுரை.

அமெரிக்காவில் வீட்டு விலை, இங்கே பஸ் தூரம்

அமெரிக்காவில் பெரும்பாலான இடங்களில், வீட்டு முகவரிதான் பிள்ளை எந்த அரசுப் பள்ளியில் படிக்கும்னு முடிவு பண்ணும். அதனால வீடு விற்கிற தளங்களிலேயே பக்கத்துப் பள்ளியின் மதிப்பெண்ணையும் சேர்த்துப் போடுறாங்க. சாண்ட்ரா பிளாக் என்ற பொருளாதார ஆய்வாளர் 1999-ல் பாஸ்டன் புறநகர்களை வச்சு வெளியிட்ட ஆய்வு ரொம்பப் பிரபலம். பள்ளியின் தேர்வு மதிப்பெண் 5 சதவிகிதம் கூடினா, அந்த எல்லைக்குள்ள இருக்கிற வீட்டுக்கு மக்கள் சுமார் 2.5 சதவிகிதம் கூடுதல் விலை கொடுக்கத் தயாரா இருந்தாங்களாம்.

நம்ம ஊர்ல அப்படி இல்லை. அடுத்த தெருவில் குடியிருக்கீங்கங்கிறதுக்காக அரசுப் பள்ளி உங்க பிள்ளையைத் திருப்பி அனுப்பாது. இங்கே எல்லை போடுறது தூரம்தான். ஆறு வயசுப் பிள்ளை எவ்வளவு தூரம் நடக்கும், பிளஸ் ஒன் படிக்கிற பொண்ணு எத்தனை மணி பஸ்ஸைப் பிடிக்கணும்? அதனால 'நல்ல ஸ்கூல் ஏரியா'ன்னு சொல்லி வாடகையை ஏத்திக் கேட்டா உடனே தலையாட்ட வேண்டாம். ரெண்டு ஸ்டாப் தள்ளிக் குடியிருந்தாலும் அதே பள்ளியில் சேர்க்கலாம்.

டேட்டா எங்கே இருக்கு?

மத்திய கல்வி அமைச்சகத்தின் 'யூடைஸ் பிளஸ்' தளத்தில் 'நோ யுவர் ஸ்கூல்'னு ஒரு பகுதி இருக்கு. மாநிலம், மாவட்டம், ஒன்றியம்னு தேர்ந்தெடுத்து உங்க ஊர்ப் பள்ளியைத் தேடலாம். அரசு, உதவிபெறும், தனியார் மெட்ரிக், சி.பி.எஸ்.இ. எதுவா இருந்தாலும், அங்கீகாரம் பெற்ற ஒவ்வொரு பள்ளிக்கும் 11 இலக்க யூடைஸ் எண் உண்டு. தமிழ்நாட்டுப் பள்ளி எண் 33-ல் தொடங்கும். அடுத்தடுத்த இலக்கங்கள் மாவட்டம், ஒன்றியம், கிராமம், கடைசியா பள்ளி. ஒரே பேர்ல நாலு பள்ளி இருந்தாலும் இந்த எண் குழப்பாது.

உள்ளே போனா பள்ளியின் ரிப்போர்ட் கார்டு கிடைக்கும். பிள்ளைகளுக்கு நாம பார்க்கிற மாதிரி, பள்ளிக்கே ஒரு ரிப்போர்ட் கார்டு! அதில் இந்த அஞ்சு விஷயங்களை மட்டும் கவனிங்க.

1. எத்தனை வகுப்பு, எத்தனை டீச்சர்?

கல்வி உரிமைச் சட்டப்படி, தொடக்கப் பள்ளியில் 30 பிள்ளைகளுக்கு ஒரு ஆசிரியர், 6 முதல் 8 வரை 35 பேருக்கு ஒருத்தர். ஆனா கரிசல் கிராமங்களில் இந்த விகிதம் மட்டும் போதாது. உதாரணத்துக்கு, ஒரு தொடக்கப் பள்ளியில் 18 பிள்ளைகள், 2 ஆசிரியர்கள்னு வச்சுக்குவோம். 9 பேருக்கு ஒருத்தர், பார்க்க அருமையா இருக்கும். ஆனா வகுப்பு அஞ்சு, ஆள் ரெண்டு! ஒருத்தர் மீட்டிங் போயிட்டா, அஞ்சு வகுப்பும் ஒருத்தர் கையில்.

இதனாலேயே அந்தப் பள்ளியை ஒதுக்க வேண்டாம். பல வகுப்புகளை ஒண்ணா உட்கார வச்சு அழகா நடத்துற டீச்சர்கள் நிறைய பேர் இருக்காங்க. எப்படி நடத்துறாங்கன்னு நேர்ல போய்ப் பார்க்க வேண்டிய பள்ளி அதுன்னு குறிச்சு வச்சுக்கோங்க.

2. வகுப்புவாரியா எண்ணிக்கை எங்கே குறையுது?

"எங்க ஸ்கூல்ல டென்த் நூத்துக்கு நூறு"ன்னு பேனர் பார்த்திருப்பீங்க. அந்த நூறு சதவிகிதம் 30 பேர்லயா, 300 பேர்லயா? போன வருஷம் 9-ம் வகுப்பில் இருந்தவங்க எத்தனை பேர், இந்த வருஷம் 10-ல் எத்தனை பேர்? 60 பேர் 44 ஆகியிருந்தா, மீதி 16 பேர் எங்கே போனாங்க? குடும்பத்தோட ஊர் மாறியிருக்கலாம். வேலைக்குப் போயிருக்கலாம். 'பாஸ் ஆகமாட்டான்'னு டி.சி. கொடுத்தும் அனுப்பியிருக்கலாம். எண் காரணத்தைச் சொல்லாது. நேர்ல போறப்போ இந்தக் கேள்வியைக் கையோட கொண்டுபோங்க.

சுமாராப் படிக்கிற பிள்ளைக்கு ரிசல்ட் சதவிகிதத்தைவிட இந்தக் கணக்குதான் முக்கியம். முதல் மதிப்பெண், மாநில ரேங்க் பட்டியலை தமிழ்நாடு 2017-லேயே நிறுத்திடுச்சு. நாமதான் இன்னும் விடலை.

3. யாரோட பள்ளி?

ரிப்போர்ட் கார்டில் 'நிர்வாகம்'னு ஒரு வரி இருக்கும். அதைத் தாண்டிப் போயிடாதீங்க. ஊராட்சி ஒன்றியப் பள்ளி, அரசு மேல்நிலைப் பள்ளி ரெண்டும் அரசுப் பள்ளிகள். ஆனா தூத்துக்குடி, திருநெல்வேலிப் பக்கம் டி.டி.டி.ஏ. பள்ளிகள், ஆர்.சி. பள்ளிகள், உறவின்முறைப் பள்ளிகள்னு அரசு உதவிபெறும் பள்ளிகள் ஏராளம். ஃபீஸ் குறைவு, சத்துணவு உண்டு. அதனால பலரும் 'கவர்ன்மென்ட் ஸ்கூல்'னே நினைச்சுக்கிறாங்க. சட்டத்தின் கண்ணில் ரெண்டும் வேற வேற. இது எங்கே இடிக்கும்னு கொஞ்ச நேரத்தில் பார்ப்போம்.

4. எந்த மீடியம், எந்த குரூப்?

இப்போ இருக்கிற பள்ளியில் தமிழ் மீடியம், போற இடத்தில் இங்கிலீஷ் மீடியம் மட்டும்னா பிள்ளை திணறும். மேல்நிலைப் பள்ளின்னா பிளஸ் ஒன்ல என்னென்ன குரூப் இருக்குன்னும் ஆபீஸ்ல கேட்டுக்கோங்க. பயாலஜி குரூப் இல்லாத ஊர்ல வீடு பிடிச்சா, 10-ம் வகுப்பு முடிச்சதும் பஸ் பயணம்தான். அதுக்குத் தகுந்த நேரத்துக்கு பஸ் இருக்காங்கிறதும் டேட்டாதான்.

5. இருக்கா, வேலை செய்யுதா?

கழிப்பறை, குடிநீர், நூலகம், கம்ப்யூட்டர் எல்லாத்துக்கும் விவரம் இருக்கும். கழிப்பறை எத்தனை, அதில் பயன்பாட்டில் இருக்கிறது எத்தனைன்னு பாருங்க. தண்ணி தட்டுப்பாடான நம்ம பக்கம் இது சின்ன விஷயமில்லை. கழிப்பறைக்குப் பயந்து காலையிலிருந்து சாயங்காலம் வரை தண்ணியே குடிக்காம இருக்கிற பொம்பளைப் பிள்ளைகளோட அம்மாக்களைக் கேட்டுப் பாருங்க, சொல்வாங்க.

6-ம் வகுப்பு: கோடு போடுற இடம்

இப்போ 3-வது பாயின்ட்டுக்கு வருவோம். மருத்துவப் படிப்பில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவிகித உள் ஒதுக்கீடு 2020-ல் வந்தது. 2021-ல் பொறியியல், வேளாண்மை, கால்நடை மருத்துவம், மீன்வளம், சட்டம் போன்ற படிப்புகளுக்கும் வந்தது. நிபந்தனை, 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படிச்சிருக்கணும். உதவிபெறும் பள்ளி இதில் சேராது. (கல்வி உரிமைச் சட்ட இடத்தில் தனியார் பள்ளியில் 8 வரை படிச்சுட்டு, 9 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படிச்சவங்களுக்கு வழி உண்டு.)

கல்லூரியில் மாசம் 1,000 ரூபாய் கிடைக்கிற புதுமைப் பெண் திட்டம் 2022 செப்டம்பரில் அரசுப் பள்ளி மாணவிகளுக்காகத் தொடங்குச்சு. உதவிபெறும் பள்ளியில் தமிழ் மீடியம் படிச்ச மாணவிகளுக்கும் 2024 டிசம்பரில் விரிவாச்சு. அந்த விழா நடந்ததே தூத்துக்குடியில்தான். பையன்களுக்கான தமிழ்ப் புதல்வன் 2024 ஆகஸ்டில் வந்தது. அதிலும் 6 முதல் 12 வரை கணக்கு, உதவிபெறும் பள்ளின்னா தமிழ் மீடியமா இருக்கணும்.

ஆக, பிள்ளை 5-ம் வகுப்பு முடிக்கிற வருஷம்தான் முக்கியமான வருஷம். 'பக்கத்துல இருக்கே'ன்னு 6-ம் வகுப்பில் போட்ட பள்ளி, ஏழு வருஷம் கழிச்சு கவுன்சலிங்கில் வந்து நிற்கும். நல்ல உதவிபெறும் பள்ளி கிடைச்சா தாராளமா சேருங்க. அந்தப் பள்ளிகளில் படிச்சு மேலே வந்தவங்க இந்த மண்ணில் தலைமுறை தலைமுறையா இருக்காங்க. ஆனா எதை விட்டுக்கொடுக்கிறோம்னு தெரிஞ்சு சேருங்க.

சின்னப் பிள்ளைகளுக்குக் கணக்கு வேற. 1956-ல் காமராஜர் மதிய உணவுத் திட்டத்தைத் தொடங்கிவச்ச எட்டயபுரம் இந்தப் பக்கம்தான். இப்போ முதல்வரின் காலை உணவுத் திட்டம் 2023 ஆகஸ்டிலிருந்து எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளிலும், 2024 ஜூலையிலிருந்து கிராமப்புற உதவிபெறும் பள்ளிகளிலும் 1 முதல் 5 வகுப்புகளுக்கு இருக்கு. காலையிலேயே தையல் மெஷின்ல உட்காரணும்கிற வீட்டுக்கு இது எவ்வளவு பெரிய உதவின்னு சொல்லவே வேண்டாம்.

தனியார் பள்ளின்னா...

கல்வி உரிமைச் சட்டத்தின் 25 சதவிகித இடத்துக்கு முயற்சி பண்றவங்களுக்கு மட்டும் வீட்டு முகவரி நேரடியா முக்கியம். தமிழ்நாட்டில் பள்ளியிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் வீடு இருக்கணும்கிறது விதி. அதனால வாடகை ஒப்பந்தம் போடுறதுக்கு முன்னாடியே மேப்பில் தூரத்தை அளந்துடுங்க. சிறுபான்மை நிறுவனப் பள்ளிகளுக்கு 2014-ல் உச்ச நீதிமன்றம் விலக்கு கொடுத்திருக்கு. தூத்துக்குடிப் பக்கம் அப்படிப்பட்ட பள்ளிகள் நிறைய, முதல்லயே விசாரிச்சுக்கோங்க. மத்த தனியார் பள்ளிகளுக்கு அரசின் கட்டண நிர்ணயக் குழு எவ்வளவு ஃபீஸ் நிர்ணயிச்சிருக்குன்னு அந்தக் குழுவின் தளத்தில் பார்க்கலாம். பள்ளி கேட்கிற தொகையோட ஒப்பிட்டுப் பாருங்க.

டேட்டா சொல்லாதது

யூடைஸ் விவரத்தைப் பள்ளிகளே வருஷத்துக்கு ஒருமுறை நிரப்புறாங்க. நீங்க பார்க்கிறது போன வருஷத்துக் கணக்கா இருக்கலாம். அதுக்குள்ள மேத்ஸ் சார் டிரான்ஸ்ஃபரில் போயிருக்கலாம், புது எச்.எம். வந்து பள்ளியையே தூக்கி நிறுத்தியிருக்கலாம். டீச்சர் அடிப்பாங்களா, அன்பா பேசுவாங்களா, சாதி பார்த்து உட்கார வைக்கிறாங்களாங்கிறது எந்த ரிப்போர்ட் கார்டிலும் இல்லை. பிள்ளைகள் எவ்வளவு கத்துக்கிட்டிருக்காங்கன்னு மத்திய அரசு நடத்துற தேசிய அடைவுத் தேர்வு முடிவும் மாவட்ட அளவில்தான் கிடைக்கும். அதை வச்சு உங்க தெருமுனைப் பள்ளியை எடைபோட முடியாது.

அதனால போன்ல ரெண்டு மூணு பள்ளியைத் தேர்ந்தெடுத்துட்டு, ஒரு வேலை நாள்ல நேர்ல போங்க. காலையில பெல் அடிக்கிற நேரம் போனா, டீச்சர்கள் எப்போ வர்றாங்கன்னு தெரியும். சாயங்காலம் விடுற நேரம் போனா, வெளியே நிற்கிற அம்மாக்கள் எந்த டேட்டாவிலும் இல்லாததைச் சொல்வாங்க. அரசு, உதவிபெறும் பள்ளிகளில் பள்ளி மேலாண்மைக் குழு இருக்கும். அதில் நாலில் மூணு பங்கு பெற்றோர், பாதிப் பேர் பெண்கள். அதில் இருக்கிற ஒரு அக்காகிட்ட பத்து நிமிஷம் பேசினா போதும்.

வேலை காரணமா வருஷ நடுவில் ஊர் மாற வேண்டியிருக்கா? 14 வயசுக்குள்ள, 8-ம் வகுப்பு வரைக்கும், சேர்க்கை தேதி முடிஞ்சதுன்னோ டி.சி. வரலைன்னோ காரணம் காட்டி அனுமதி மறுக்கக் கூடாதுன்னு கல்வி உரிமைச் சட்டம் சொல்லுது. பிள்ளையின் எமிஸ் எண்ணைக் குறிச்சு வச்சுக்கோங்க, வேலை சுலபமாகும்.

வாடகை ஐந்நூறு ரூபா குறைச்சுக் கேட்க அரை நாள் பேரம் பேசுறோம். பிள்ளை வருஷக்கணக்கா போய்வரப் போற இடத்துக்காகவும் ஒரு அரை நாள் ஒதுக்குங்க. அட்வான்ஸ் அதுக்கப்புறம் கொடுத்துக்கலாம்.