ஸ்ட்ரைக்

'ஸ்ட்ரைக்' என்றால் என்ன என்று கேட்டால், "பஸ் ஓடாது, பள்ளிக்கூடம் கிடையாது" என்று நம் வீட்டுக் குழந்தைகூடச் சொல்லிவிடும். ஆங்கில அகராதியைப் பிரித்தால் எனக்கல்லவா தலை சுற்றுகிறது! அடித்தால் ஸ்ட்ரைக்; கடிகாரம் மணியடித்தால் ஸ்ட்ரைக்; பேரம் படிந்தால் ஸ்ட்ரைக்; பூமிக்குள் எண்ணெய் அகப்பட்டால் ஸ்ட்ரைக்; தீக்குச்சியைக் கிழித்தாலும் அதுவேதான்.

அடிப்பதைச் சொல்லும் சொல், யாரையும் அடிக்காமல் கையைக் கட்டி நிற்பதற்கு எப்படிப் பெயராயிற்று?

விடை கப்பலில் இருக்கிறது. மாலுமிகளின் பேச்சில் பாயை இறக்குவதும் ஸ்ட்ரைக்தான். 1768-ஆம் ஆண்டு லண்டன் தேம்ஸ் நதியில், கூலி உயர்வு கேட்ட மாலுமிகள் கப்பல்களின் பாய்களை இறக்கிவிட்டார்கள். பாய் இறங்கினால் கப்பல் நகராது, சரக்கும் நகராது, முதலாளியின் லாபமும் நகராது. பாயை இறக்கியவர்களின் சொல், கருவியைக் கீழே வைத்தவர்களுக்கும் உரியதாயிற்று.

நூற்றிருபது ஆண்டு கழிந்து, அதே லண்டனில், தீக்குச்சியும் இந்தச் சொல்லும் சந்தித்தன. பிரையண்ட் அண்ட் மே தீப்பெட்டித் தொழிற்சாலையில் பேசினால் அபராதம், குச்சி கீழே விழுந்தால் அபராதம். வெள்ளைப் பாஸ்பரஸ் புகையோ தாடை எலும்பையே அழுக வைத்தது. பின்னாளில் நம் அடையாற்றில் வாழ்ந்த அன்னி பெசன்ட் அம்மையார் 1888 ஜூன் மாதம் இக்கொடுமையைப் பத்திரிகையில் எழுதினார். அது பொய் என்று கையெழுத்திடும்படி நிர்வாகம் பெண்களை வற்புறுத்தியது. அவர்கள் மறுத்தார்கள். ஒருத்தியை வேலையைவிட்டு நீக்கியதும், ஏறக்குறைய 1,400 பேர் வெளியேறினார்கள். பெரும்பாலோர் இளம் பெண்கள். அன்றாடக் கூலியை நம்பிப் பிழைத்தவர்கள். இரண்டு வாரம் முடிவதற்குள் அபராதங்கள் ஒழிந்தன, நீக்கப்பட்டவர்களும் திரும்பினார்கள்.

ஆனால் பாஸ்பரஸ் ஒழியவில்லை. அதைத் தடுக்கும் சட்டம் பிரிட்டனில் 1908-இல்தான் நிறைவேறியது. அதுவரை எத்தனை தாடைகள் வெந்தனவோ!

வேலை நிறுத்தம் என்ற செய்தியைப் படித்ததும், "என்ன கலாட்டா வரப்போகிறதோ!" என்று முகம் சுளிப்பவர்கள் நம்மில் உண்டு. பழைய ஆங்கிலத்தில் இந்தச் சொல்லுக்கு மெல்லத் தடவுதல் என்றும் ஒரு பொருள் இருந்தது என்கிறார்கள் மொழியறிஞர்கள். தடவல் அடியாக மாறியது எப்படியோ. ஆனால் அந்தப் பெண்கள் யாரையும் அடிக்கவில்லை. பொய்க்குக் கையெழுத்துப் போட மாட்டோம் என்றார்கள், அவ்வளவுதான்.